இலகுவாகவும் இருக்கணும், உடையவும் கூடாது: சின்ன காருக்கு அலாய் வீல் தேர்வு

சின்ன காருக்கு வெளியில் அலாய் வீல் வாங்குகிறவர்கள் முதலில் டிசைனைப் பார்க்கிறார்கள், அடுத்து எத்தனை அங்குலம் என்று பார்க்கிறார்கள். எடையைக் கடைசியில் கேட்கிறார்கள். எவ்வளவு சுமை தாங்கும் என்பதை யாரும் கேட்பதே இல்லை. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதித் தவறுகள் நடக்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பெனி கொடுத்த அதே அங்குலம், போனால் ஒரு அங்குலம் கூடுதல், ஃப்ளோ ஃபார்மிங் (ரிம்மின் உருளைப் பகுதியை அழுத்தி நீட்டும்) முறையில் செய்த ரிம், பின்புறம் சுமை அளவு வார்ப்பிலேயே பதிந்திருப்பது. சின்ன காருக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

முதலில் எடை. அலாய் என்றாலே இலகு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எஃகு ரிம்மின் தகடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்திலேயே வேலையை முடித்துவிடும். வார்த்த அலுமினியம் அதே பலத்தைத் தர, சுவரையும் ஸ்போக்கையும் பல மடங்கு தடிமனாக வார்க்க வேண்டும். அதனால் 14 அங்குல ஸ்டீல் வீல் ஆறரை, ஏழு கிலோ இருந்தால், மலிவான 15 அங்குல வார்ப்பு அலாய் ஏழு, எட்டு கிலோவுக்கு வந்து நிற்கிறது. 16 அங்குலத்தில் அதே தரம் ஒன்பதைத் தாண்டும். காசு கொடுத்து எடையைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம். நல்ல ஃப்ளோ ஃபார்ம்டு ரிம் 15 அங்குலத்தில் ஐந்தரை, ஆறு கிலோவில் கிடைக்கும். உலோகக் கட்டியை நசுக்கிச் செய்யும் ஃபோர்ஜ்டு ரிம் நான்கு, ஐந்துக்கு இறங்கும். ரேஸ் (Rays) என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டி.இ.37 என்ற ஃபோர்ஜ்டு வீல் 1996இல் வந்தது. பெயரில் இருக்கும் 37 என்பது 15 அங்குலம், 6 ஜே (6 அங்குல அகலம்) அளவில் அதன் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் அந்த எண் இன்னும் மதிக்கத்தக்கதாகவே இருக்கிறது.

எடையை விளம்பரத்திலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே டிசைன் அங்குலத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கிலோ மாறும். விளம்பரத்தில் போடுவது அதில் மிகச் சின்ன அளவின் எடையாக இருக்கும். பெட்டி தூக்கும் தொங்கு தராசில் டயர் இல்லாத ரிம்மை மாட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. வண்டியிலிருந்து கழற்றிய பழைய ரிம்மையும் அதே தராசில் நிறுத்தால்தான் உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

எடை குறைந்தால் என்ன கிடைக்கும் என்பதில் மிகை அதிகம். சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ இறக்கியதற்குச் சமம் என்று எழுதுகிறார்கள். இயற்பியல் அதை ஒப்புக்கொள்ளாது. உருளும் பொருள் முன்னோக்கியும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். முழு எடையும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தாலும் அதன் விளைவு இரண்டு மடங்கைத் தாண்டாது. ரிம்மின் எடை அதற்கு உள்ளே, டயர் ஆரத்தில் சுமார் அறுபது விழுக்காட்டு தூரத்தில்தான் இருக்கிறது. எனவே கணக்கு ஒன்றரைக்கும் கீழேதான் வரும். நான்கு சக்கரத்திலும் தலா 2 கிலோ குறைத்தால் வேகமெடுப்பதில் பதினொன்று, பன்னிரண்டு கிலோ குறைந்த மாதிரி. ஆயிரம் கிலோ காரில் அது ஒரு விழுக்காடு.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்று பார்த்தால் ரிம், டயர், ஹப் (சக்கரம் மாட்டும் அச்சு முகம்), பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு மூலைக்கு ஏறக்குறைய முப்பது கிலோ. அதில் இரண்டு கிலோ போனால் ஆறேழு விழுக்காடு. மேடு ஏறிய சக்கரம் சீக்கிரம் கீழே வந்து தரையைப் பிடிக்கும், ஷாக் அப்சார்பருக்கு அடக்க வேண்டிய ஆட்டம் குறையும், கரடுமுரடான வளைவில் வண்டி தாவாமல் போகும். சின்ன காரின் மொத்த எடையே குறைவு என்பதால் இந்த வித்தியாசம் பெரிய காரைவிட இதில் நன்றாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: ரிம்மில் ஒரு கிலோ குறைத்துவிட்டு, அகலமான கனத்த டயரைப் போட்டு அதே ஒரு கிலோவைத் திரும்ப ஏற்றினால் நஷ்டம்தான். டயரின் எடை இன்னும் வெளியே இருக்கிறது, சுழற்றுவது இன்னும் கடினம்.

இனி செய்முறை. பெரும்பாலான அலாய் வீல்கள் ஏ356 என்ற சிலிக்கன், மக்னீசியம் கலந்த அலுமினியத்தில் வார்க்கப்படுகின்றன. உருகிய உலோகத்தை அச்சில் சும்மா ஊற்றினால் அது கிராவிட்டி வார்ப்பு. கீழிருந்து குறைந்த அழுத்தத்தில் ஏற்றினால் காற்றுக் குமிழிகள் குறையும், உலோகம் நெருக்கமாக உறையும். வார்த்த பின் டி6 எனப்படும் வெப்பப் பதம் கொடுத்தால்தான் முழு பலம் வரும். மலிவு வீல்களில் இந்தப் பதத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஃப்ளோ ஃபார்மிங்கில் நடுப்பகுதியும் ஸ்போக்கும் வார்ப்புதான். டயர் உட்காரும் உருளைப் பகுதியை மட்டும் சூடாக்கி, சுழற்றிக்கொண்டே உருளைகளால் அழுத்தி இழுத்து மெல்லியதாக நீட்டுகிறார்கள். இழுபட்ட இடத்தில் உலோகத்தின் மணிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டு, கனம் குறைந்தும் உறுதி கூடுகிறது. ரோட்டரி ஃபார்மிங், ஸ்பின் ஃபார்மிங், என்கெய் நிறுவனத்தின் எம்.ஏ.டி எல்லாம் இதே வேலைக்கான பெயர்கள்தான். இதைச் சின்ன காருக்குச் சிறந்த தேர்வு என்று நான் சொல்லக் காரணம், எடை குறைவதும் உறுதி கூடுவதும் ஒரே இடத்தில், அடி வாங்கும் அந்த உருளையிலேயே நடக்கிறது என்பதுதான். ஃபோர்ஜ்டு வீலை 6061 அலுமினியக் கட்டியைப் பிரம்மாண்டமான அழுத்தத்தில் நசுக்கிச் செய்கிறார்கள். அடி பலமாக விழுந்தால் விரிசல் விடுவதற்கு முன் வளைந்து கொடுக்கும். அந்தக் குணத்துக்காகவே அதை விரும்பலாம். விலைதான் தடை.

எந்த முறையில் செய்திருந்தாலும், ரிம்மைக் காப்பாற்றுவது முதலில் டயரின் பக்கச் சுவர். இதை எண்ணில் பார்ப்போம். 185/65 ஆர்14 (185 மி.மீ. அகலம், அதில் 65 விழுக்காடு சுவர் உயரம், 14 அங்குல ரிம்) டயரின் பக்கச் சுவர் 120 மி.மீ. உயரம், மொத்தக் குறுக்களவு 596 மி.மீ. 195/55 ஆர்15 போட்டால் குறுக்களவு ஏறத்தாழ அதே 596தான், ஸ்பீடோமீட்டர் மாறாது. சுவர் 107 ஆகும். 205/45 ஆர்16 போட்டால் குறுக்களவு 591, சுவர் 92. இரண்டு அங்குலம் ஏற்றியதில் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் 28 மி.மீ. போய்விட்டது. டயர் முழுதாக அமுங்கி ரிம் தரையில் இடிக்கும் நிலை, முன்பு வேகத்தில் பெரிய பள்ளத்தில் மட்டும் வந்தது, இப்போது நடுத்தர வேகத்தில் சாதாரணப் பள்ளத்திலேயே வரும். கூடவே சுமைக் குறியீடும் இறங்குகிறது: 14 அங்குலத்தில் பொதுவாக 86, அதாவது 530 கிலோ, 15இல் 85, 515 கிலோ, 16இல் 83, 487 கிலோ. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்டிருக்கும் குறியீட்டுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. எவ்வளவு விலையுயர்ந்த ரிம்மாக இருந்தாலும் இழந்த ரப்பரை அது ஈடு கட்டாது. ஆகவே சாலை மோசமான இடத்தில் ஓட்டுகிறவர் அங்குலத்தை ஏற்றாமல் அதே அளவில் இலகுவான ரிம் வாங்குவதே சரி. பிரேக்குக்கு இடமிருந்தால் 15லிருந்து 14க்கு இறங்குவதுகூட நல்ல யோசனைதான், தோற்றத்தில் மனம் சமாதானமானால்.

சோதனை முத்திரைகளைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை எதைச் சொல்கின்றன என்பது பலருக்குத் தெளிவில்லை. ரிம்மின் பின்புறம் ஜே.டபிள்யூ.எல் என்று வார்ப்பிலேயே இருந்தால், ஜப்பானிய அரசின் தரத்துக்குச் செய்ததாகத் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் சொல்கிறார் என்று பொருள். வி.ஐ.ஏ முத்திரையும் சேர்ந்திருந்தால் வெளி அமைப்பு ஒன்று அதைச் சோதித்துப் பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பாவில் இ.சி.இ ஆர்124 என்ற ஒழுங்குமுறையின் முத்திரை, டி.யூ.வி என்ற சோதனை அமைப்பின் அறிக்கை ஆகியவை இருக்கும். எந்த முத்திரையும் இல்லாமல், அல்லது ஸ்டிக்கரில் மட்டும் ஒட்டி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர்பெற்ற டிசைனின் நகல்கள் முன்பக்கம் அச்சு அசலாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் சுமை அளவும் வார்த்த தேதியும் இல்லாமல் மொட்டையாக இருக்கும்.

இந்தத் தரங்களில் உள்ள மோதல் சோதனையைக் கவனியுங்கள். ஐ.எஸ்.ஓ 7141 முறையில், டயர் மாட்டிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, மேலிருந்து ஒரு எடையை 230 மி.மீ. உயரத்திலிருந்து விளிம்பின் மேல் போடுகிறார்கள். எடை எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம்: ரிம்மின் சுமை அளவை 0.6ஆல் பெருக்கி 180ஐக் கூட்ட வேண்டும். 500 கிலோ ரிம் என்றால் 480 கிலோ எடை விழும். நடுப்பகுதியில் விரிசல் ஊடுருவினாலோ, ரிம்மும் நடுப்பகுதியும் பிரிந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுதும் போனாலோ தோல்வி. அடி விழுந்த விளிம்பு நசுங்குவது தோல்வியாகாது! முத்திரை உள்ள ரிம் பள்ளத்தில் விழுந்து வளையாது என்று யாரும் உறுதி தரவில்லை. சிதறி உங்களைப் பள்ளத்தில் தள்ளாது என்பதே உறுதி. இன்னொன்று, இந்தச் சோதனையில் அடி விழுவது வெளி விளிம்பில். சாலையில் அதிகம் வளைவதோ உள் விளிம்பு. வெளிப்பக்கம் ஸ்போக்குகள் தாங்கிப் பிடிக்கின்றன. உள் விளிம்போ எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. உருளைப் பகுதி ஃப்ளோ ஃபார்மிங்கில் செய்ததா என்று நான் வற்புறுத்திக் கேட்பதும் இதனால்தான்.

சுமை அளவைச் சரிபார்ப்பது எளிது. வண்டியின் அடையாளத் தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் அதிகபட்ச எடை எழுதியிருக்கும். பெரியதை எடுத்து இரண்டால் வகுங்கள். முன் அச்சு 850 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 425. ரிம் 475 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. சில பந்தய ரிம்கள் எடையை மிகக் குறைத்து, சுமை அளவையும் சேர்த்துக் குறைத்திருப்பார்கள். அவை ஓட்டுநர் ஒருவரோடு நல்ல தடத்தில் ஓடுவதற்கானவை. ஐந்து பேரும் சாமான்களுமாகப் போகும் காருக்கு ஆகாது.

பொருத்தத்தில் நான்கு எண்கள் இருக்கின்றன. போல்ட் வட்டமான பி.சி.டி சின்ன கார்களில் பெரும்பாலும் 4×100, அதாவது 100 மி.மீ. குறுக்களவு வட்டத்தில் நான்கு ஓட்டை. 4×98, 4×108, 5×100, 5×114.3 வகைகளும் உண்டு. 98க்கும் 100க்கும் இடையில் ஆரத்தில் வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர் என்பதால், இழுத்து முறுக்கினால் ஏறிவிடும். ஏறுகிறதே என்று மாட்டக் கூடாது. நட்டு தன் இருக்கையில் முழுதாக அமராது, ஓட ஓடத் தளரும், ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணி) ஒடியும். ஒரே ரிம்மில் இரண்டு வட்டத்துக்கும் எட்டு ஓட்டை போட்டு விற்பதும் எனக்குப் பிடிக்காது. உங்கள் காருக்குத் தேவையில்லாத நான்கு ஓட்டைகள் எதற்கு?

ஹப் ஓட்டை அடுத்தது. பல டொயோட்டா, சுசுகி சின்ன கார்களில் 54.1 மி.மீ., ஹோண்டாவில் 56.1, ஃபோக்ஸ்வேகனில் 57.1, ரெனோவில் 60.1. வெளிக் கம்பெனி ரிம்கள் எல்லாக் காருக்கும் ஏறும்படி 67.1, 73.1 என்று பெரிதாகவே துளைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் வேண்டும். இல்லாவிட்டால் ரிம் நடுவில் உட்காராமல் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். மெஷினில் பேலன்சிங் சரியாகக் காட்டும், சாலையில் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த வளையத்தைத்தான். பிளாஸ்டிக் வளையம் துருப்பிடிக்காது, ஆனால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூட்டில் இளகக்கூடும். அலுமினிய வளையம் சூட்டைத் தாங்கும், ஆனால் எஃகு ஹப்பில் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஹப்பைத் துடைத்து, மிக மெல்லியதாக, ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி மாட்டினால் போதும். அதை ஸ்டட் மரையில் படவிடாதீர்கள்.

மூன்றும் நான்கும் அகலமும் ஆஃப்செட்டும். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் இடையிலான தூரம், மி.மீ. கணக்கில், ஆஃப்செட். அகலம், ஆஃப்செட் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழையது 5.5 ஜே, ஆஃப்செட் 45. புதியது 6.5 ஜே, ஆஃப்செட் 38 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளி விளிம்பு ஹப்பிலிருந்து எவ்வளவு வெளியே என்று வரும்: பழையது 69.9 − 45 = 24.9 மி.மீ.; புதியது 82.6 − 38 = 44.6 மி.மீ. கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே தள்ளிவிட்டது. பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்பக்கம்: 114.9 இருந்தது 120.6 ஆகிறது, ஷாக் அப்சார்பர் பக்கம் 6 மி.மீ. நெருங்குகிறது. எண்ணில் சின்னதாகத் தெரியும் 20 மி.மீ. வண்டியில் பெரிய மாற்றம்: ஸ்டியரிங் பள்ளங்களில் கையை உதைக்கும், வீல் பேரிங் சீக்கிரம் இரையும், பின்னால் ஆள் ஏறினால் டயர் ஃபெண்டரில் உரசும். அதற்குப் பதில் 6 ஜே, ஆஃப்செட் 43 எடுத்தால் வெளியே 8 மி.மீ., உள்ளே 4 மி.மீ. அவ்வளவுதான். 195 டயருக்கு 6 ஜே கச்சிதமான அகலம். ஸ்பேசர் (இடைத்தட்டு) போட்டுச் சரிக்கட்டும் அளவுக்கு ஆஃப்செட் தவறியிருந்தால் அந்த ரிம்மை விட்டுவிடுவது நல்லது.

இந்த நான்கும் பொருந்தியும் காலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்கலாம். அங்குலம் ஒன்றாக இருந்தாலும் ஸ்போக்கின் உள்வளைவு ரிம்முக்கு ரிம் மாறும். டயர் மாட்டுவதற்கு முன்பே வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டி, நட்டு முறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஒட்டும் பேலன்சிங் ஈயம் அந்த வழியில் வருமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டயர் ஏற்றிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

நட்டில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. ஹோண்டாவின் சொந்த ரிம்களில் நட்டின் இருக்கை பந்து வடிவம். டொயோட்டா அலாய்களில் பலவற்றில் தட்டை வாஷர். வெளி ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. பந்து நட்டைக் கூம்பு இருக்கையில் முறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் சரியென்று சொல்லும், சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். மரையும் பார்க்க வேண்டும்: சுசுகி, நிசான் எம்12×1.25, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் சின்ன கார்கள் எம்12×1.5. கையால் முறுக்கும்போது 1.5 மரையில் குறைந்தது ஏழெட்டுச் சுற்று உள்ளே போக வேண்டும். ஸ்டட்டுக்குப் பதிலாக போல்ட் உள்ள காரானால் நீளம் முக்கியம். அலாயின் நடுப்பகுதி ஸ்டீலைவிடத் தடிமன், பழைய போல்ட் எட்டாது. மிக நீளமானதைப் போட்டால் ஹப்பைத் தாண்டிப் போய்ப் பின் டிரம்முக்குள் இடிக்கும்.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, எல்லா நட்டையும் கையால் தொடங்கி, எதிரெதிராக இரண்டு சுற்றில் முறுக்கி, கடைசி முறுக்கைக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் வையுங்கள். சின்ன கார்களில் அது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். மரையில் எண்ணெய் வேண்டாம். அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். புதிய அலாயில் பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வது சகஜம் என்பதால் 50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

மேற்பூச்சில் ஒன்றே ஒன்று. முகத்தைக் கடைந்து எடுத்த டயமண்ட் கட் பளபளப்பு அழகு, ஆனால் அதன் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் ஒரு கல் தெறித்தால் போதும், கீழே புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு பரவும். மறுபடி கடைந்தால் உலோகம் குறையும். நீடித்து உழைக்க வேண்டுமென்றால் முழுதும் பெயின்ட் அடித்த ரிம்.

பலமாக அடி வாங்கினால் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள் விளிம்பில் லேசான வளைவு என்றால் ஒரு முறை பெண்டு எடுக்கலாம். ஆனால் டார்ச்சைப் பிடித்துச் சூடாக்கி அடிக்கிறார்கள் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டி6 பதத்தின் கடைசிக் கட்டம் 150, 170 டிகிரி அளவில் செய்தது. அதற்கு மேல் கண்டபடி சூடேறினால் அந்த இடம் மென்மையாகி, அடுத்த சின்னப் பள்ளத்திலேயே வளையும். விரிசல் விட்ட ரிம்மை வெல்டிங் செய்வதும் இதே காரணத்தால் கூடாது, ஸ்போக்கின் அடியில் என்றால் கேள்வியே இல்லை. வாரம் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைகிறது, பஞ்சர் இல்லை என்றால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வால்வடியில் குமிழி வந்தால் வால்வு, விளிம்பில் வந்தால் அரிப்பு அல்லது வளைவு, உருளையின் நடுவில் நுண்குமிழிகள் வந்தால் வார்ப்பில் துளை அல்லது விரிசல். கடைசி வகைக்கு மாற்று ரிம் மட்டுமே வழி. காற்று குறைவாக ஓட்டுவதைப் போல ரிம்மைக் கெடுப்பது வேறில்லை, ஆகவே காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்புவதை வழக்கமாக்குங்கள்.

ஸ்டெப்னி பெரும்பாலும் பழைய ஸ்டீல் வீலாகவே இருக்கும், புதிய நட்டுகளின் வடிவம் அதற்குப் பொருந்தாமல் போகலாம். கழற்றிய பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்கானதை எண்ணி ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடே வைத்துவிடுங்கள். வெளி ரிம்களின் நட்டுக் குழி குறுகலாக இருப்பதால் காரோடு வந்த ஸ்பேனர் உள்ளே போகுமா என்றும் வீட்டு வாசலிலேயே பாருங்கள்; போகவில்லை என்றால் மெல்லிய சுவருள்ள சாக்கெட் ஒன்றும் அதே பையில் இருக்கட்டும்.